குழந்தைகளின் உயிர் காத்த ராணுவ டாக்டர்

பச்சிளம் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவும் 'செப்சிஸ்' வந்தால், இம்யூனோகுளோபுலின் என்ற விலை உயர்ந்த மருந்தைப் பற்றிக் குடும்பத்தார் விசாரிப்பதுண்டு. ஓர் உடலில் உருவான எதிர்ப்புச் சக்தியை இன்னோர் உடலுக்குக் கொடுக்கும் சிகிச்சை அது. அந்த வழிக்கு அடித்தளமிட்டவர் எமில் வான் பெரிங்.

1854 மார்ச் 15 அன்று பிரஷ்யாவின் ஹான்ஸ்டோர்ஃப் கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. தந்தை பள்ளி ஆசிரியர். 13 பிள்ளைகள் உள்ள குடும்பம். மருத்துவம் படிக்க வைக்க வசதியில்லை. ராணுவ மருத்துவக் கல்லூரியில் கட்டணம் கிடையாது, ஆனால் படித்தபின் படையில் பணிபுரிய வேண்டும். பெரிங் அதில் சேர்ந்தார். 1889-இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

அந்நாளில் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா, ஐரோப்பாவில் ஏராளமான குழந்தைகளைப் பலிகொண்டது. தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமியின் நச்சு இதயத்தையும் தாக்கும். நோயைத் தாங்கப் பழகிய விலங்கின் சீரத்தைச் செலுத்தினால் மற்றொரு விலங்கும் தப்புகிறது என்று 1890-இல் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் அறிவித்தார்கள். ஆனால் தொடக்கத்தில் தயாரான சீரத்துக்கு வீரியம் போதவில்லை. அதை அளந்து தரப்படுத்தும் வழியை பால் எர்லிக் வகுத்தார். 1894-இல் சீரம் விற்பனைக்கு வந்தது. சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குக் கிடைத்தது. கிடசாட்டோவுக்குப் பங்கில்லை. எர்லிக்குடனும் மனக்கசப்பு ஏற்பட்டது. மனச்சோர்வு வாட்டியதால் சில காலம் மருத்துவ இல்லத்தில் தங்கினார். அதிலிருந்து மீண்டு, 1913-இல் டிப்தீரியாவுக்குத் தடுப்பு மருந்தும் அறிவித்தார். 1917 மார்ச் 31 அன்று மார்பர்க் நகரில் காலமானார்.

தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குச் செல்கிறது. அதனால் குறைமாதக் குழந்தைகளுக்கு அது குறைவு. பலர் தானம் செய்த ரத்தத்திலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலின் இதை ஈடுகட்டும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். 9 நாடுகளில் 3,493 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. இறப்போ பெரிய ஊனமோ ஏற்பட்டவர்கள், மருந்து பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் 39 சதவீதமே. பெரிங்கின் சீரம் ஒரே நச்சைக் குறிவைத்தது. செப்சிஸை உண்டாக்கும் கிருமிகளோ பல வகை.

ஆகவே அந்த மருந்தை வாங்க முடியவில்லையே என்று எந்தப் பெற்றோரும் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடல் சில்லிட்டாலோ சுட்டாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உரிய நேரத்தில் தொடங்கும் ஆன்டிபயாடிக்தான் உயிர் காக்கும். குழந்தையைப் பார்க்கப் போகும் நாமும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குவோம்.