இன்னும் இல்லை

சென்ற ஆண்டு ஓர் இரவு விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது, கடவுளிடம் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அறைத்தோழர் ஒருவர் என்னைக் கேட்டார். உண்டு என்று சொல்லத் துணிவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஊரில் இருந்தவரை பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனவன் நான். இங்கு வந்தபின் அந்தப் பழக்கம் எப்போது நழுவியது என்றே தெரியவில்லை. விடை சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

சில வாரங்களுக்குப் பின் நூலகத்தில் ஒரு யூத அறிஞரின் வாழ்க்கையைப் படித்தேன். எனக்குக் கிடைக்காத விடை அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் பெயர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக்.

ஜெர்மனியில் காசல் நகரில் 1886 டிசம்பர் 25ஆம் நாள் அவர் பிறந்தார். செல்வக் குடும்பத்தின் ஒரே மகன். வீட்டில் யூத சமயம் பெயரளவில்தான் இருந்தது. முதலில் மருத்துவம் பயின்றார். பிறகு வரலாற்றுக்கும் தத்துவத்துக்கும் மாறினார். ஹெகலின் அரசியல் கொள்கையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அந்தப் படிப்பு அவர் உள்ளத்துக்கு உணவாகவில்லை.

1913 ஜூலையில் லைப்சிக் நகரில், கிறிஸ்தவராகிவிட்ட யூத நண்பர் ஒருவருடன் ஓர் இரவு முழுவதும் வாதிட்டார். முடிவில் தாமும் கிறிஸ்தவராவது என்று தீர்மானித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்: எதையும் அறியாதவராக அன்றி, யூதராகவே அந்த வாயிலைக் கடக்க வேண்டும். ஆகவே அவ்வாண்டு அக்டோபரில் பெர்லினில், யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர் நாளில் தொழுகைக் கூடத்துக்குச் சென்றார். அன்று அவருள் நிகழ்ந்ததை அவர் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் மாற்றியதா என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவதும் உண்டு. அம்மாதம் முடிவதற்குள், தாம் யூதராகவே இருக்கப் போவதாக உறவினருக்குக் கடிதம் எழுதினார் என்பது மட்டும் உறுதி.

முதல் உலகப்போரில் அவர் பால்கன் போர்முனையில் பணிபுரிந்தார். 1918இல் அங்கேதான் தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். எழுதியவற்றை அஞ்சலில் தாய்க்கு அனுப்பிவைத்தார். 'மீட்பின் விண்மீன்' என்னும் அந்நூல் 1921இல் வெளிவந்தது. மனிதனின் மரண அச்சத்தில் தொடங்கி, அன்றாட வாழ்வை நோக்கித் திரும்பி முடிவது அது. யூத சமயம், கிறிஸ்தவம் இரண்டுக்கும் உண்மையில் பங்குண்டு என்று அதில் அவர் காட்டினார். பிற்காலத்தில் அவ்விரு சமயத்தாரும் கூடிப் பேசத் தொடங்கியபோது அக்கருத்து அவர்களுக்குத் துணை நின்றது.

1920இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பணியாற்ற வாய்ப்பு வந்தது. அவர் மறுத்துவிட்டார். கேள்வியோடு வரும் மனிதருக்குப் பயன்படாத அறிவு தமக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம். அவ்வாண்டே பிராங்க்பர்ட் நகரில் முதியோர் கற்கும் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். முன்னோர் மறையிலிருந்து உலகுக்கு வந்தனர். நாமோ உலகில் நிற்கிறோம், இங்கிருந்து மறையை நோக்கி நடக்க வேண்டும் என்றார். அங்கு கற்பித்தவர் எல்லாரும் சமய குருமார் அல்லர். ஒரு வேதியியலாரும் ஒரு மருத்துவரும் கூட இருந்தனர். அறியாதவரும் அறியாதவரும் கூடிக் கற்பதே அந்த இல்லத்தின் முறை.

1922இல், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அவரைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது 35. எழுதும் கை ஓய்ந்தது. அடுத்த ஆண்டு பேச்சும் நின்றது. தட்டெழுத்துப் பொறியில் எழுத்துகளை அவர் சுட்ட, மனைவி ஈடித் அவற்றைச் சொற்களாக்கினார். பிறகு சுட்டவும் இயலாதபோது, கணவரின் முகக்குறிப்பிலிருந்தே எழுத்தை உணர்ந்துகொண்டார். இந்த நிலையில்தான், மார்ட்டின் பூபருடன் சேர்ந்து எபிரேய விவிலியத்தை ஜெர்மன் மொழியில் பெயர்க்க 1925இல் தொடங்கினார். ஏசாயா நூலில் பணி நடந்துகொண்டிருந்தபோது, 1929 டிசம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் நிறுவிய இல்லத்தை நாஜி ஆட்சி 1938இல் மூடியது. மொழிபெயர்ப்பைப் பூபர் 1961இல் முடித்தார். யாருக்காக அது தொடங்கப்பட்டதோ அந்த ஜெர்மானிய யூதச் சமுதாயம் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது. இதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஆயினும் விதை கெடவில்லை. 1974இல் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் அவருடைய இல்லத்தின் பெயரையே சூடி ஒரு கல்வி நிலையம் எழுந்தது. 1980இல் பிரிட்டனில் தோன்றிய லிம்மூத் என்னும் கல்வி இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. அங்கும் கற்பிப்பவரே கற்பவர். வருபவரின் நம்பிக்கையை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

யூத ஆடவர் காலைத் தொழுகையில் மறைவாசகம் வைத்த சிறு தோற்பேழைகளைக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்வர். நீங்கள் கட்டிக்கொள்வதுண்டா என்று அவரை ஒருவர் கேட்டாராம். இன்னும் இல்லை என்றாராம் அவர். உண்டு என்றால் பொய்யாகும். இல்லை என்றால் கதவை அடைத்ததாகும். இன்னும் என்ற சொல்லோ கதவைத் திறந்து வைக்கிறது. அது சோம்பேறியின் சாக்காகவும் ஆகலாம் என்பதை நான் அறிவேன். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. கை கால் அசையாத நிலையிலும் கற்றுக்கொண்டே இருந்தார்.

அறைத்தோழர் மீண்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல இப்போது என்னிடம் ஒரு விடை உண்டு. அதைச் சொல்லும் தகுதியைத் தேடிக்கொள்வதற்காக, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் உட்கார்ந்து சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.