நாஜி கால பெர்லினில் ஸ்விங் இசைத்த எர்ன்ஸ்ட் ஹோலர்ஹாகன்

ஜாஸ் இசைக்கு வானொலியின் கதவுகள் அடைக்கப்பட்ட ஜெர்மனியில், அதே இசையை நடன அரங்குகளில் ஒலிக்கச் செய்தவர்களுள் ஒருவர் எர்ன்ஸ்ட் ஹோலர்ஹாகன். கிளாரினெட், சாக்ஸபோன் ஆகிய இரு கருவிகளிலும் தேர்ந்த இக்கலைஞர், 1912 அக்டோபர் 5ஆம் தேதி பார்மெனில் பிறந்தார். அவ்வூர் தற்போது வூப்பர்டால் நகரின் ஒரு பகுதியாகும்.

1935 அக்டோபரில் ஜெர்மானிய வானொலியில் ஜாஸ் இசைக்குத் தடை விதிக்கப்பட்டது. எனினும் நடன அரங்குகளை நாஜி அரசால் முழுமையாகக் கட்டுப்படுத்த இயலவில்லை. 1936 ஒலிம்பிக் போட்டிக்கு வந்த வெளிநாட்டினர் முன் கெடுபிடி காட்டவும் அது விரும்பவில்லை. அந்தக் கோடையில் பெர்லினின் டெல்ஃபி அரங்கில் புகழின் உச்சியைத் தொட்டது, சுவிட்சர்லாந்துக்காரரான டெடி ஸ்டாஃபர் நடத்திய ஒரிஜினல் டெடீஸ் குழு. அமெரிக்க சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவில் தங்கியிருந்தபோது அவருடன் இணைந்து வாசித்த ஹோலர்ஹாகன், ஸ்டாஃபர் குழுவின் முதன்மைத் தனி வாசிப்பாளர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. அவரது கிளாரினெட் வாசிப்பு, பென்னி குட்மனின் பாணியைத் தழுவியது. குட்மனோ அமெரிக்க யூதர். யூதக் கலைஞர்களின் இசைத்தட்டுகளுக்கு நாஜி அரசு தடை விதித்த பின்னரும், குட்மனின் பாணிக்குத் தடை விதிக்க எந்த அதிகாரியாலும் முடியவில்லை. ஆங்கிலப் பாடல்களின் தலைப்புகளை ஜெர்மன் மொழிக்கு மாற்றிக்கொண்டு இசைக்குழுக்கள் தொடர்ந்து வாசித்தன. நடனமாட வந்த இளைஞர்கள் அதைப் புரிந்தேயிருந்தனர்.

1939இல் போர் மூண்டபோது டெடீஸ் குழு சுவிட்சர்லாந்தில் இருந்தது. ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட இசைக்கலைஞர்கள் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். ஹோலர்ஹாகனின் இசைவாழ்வோ சுவிட்சர்லாந்தில் நீடித்தது. ஸ்டாஃபர் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்ற பின், குழுவை எடி பிரன்னர் ஏற்று நடத்தினார்.

போருக்குப் பின் ஹேஸி ஆஸ்டர்வால்டின் குழுவில் சேர்ந்த ஹோலர்ஹாகன், 1949 மே மாதம் பாரீஸில் நடைபெற்ற உலகளாவிய ஜாஸ் விழாவில் வாசித்தார். சார்லி பார்க்கர், மைல்ஸ் டேவிஸ், சிட்னி பெஷே ஆகியோர் பங்கேற்ற விழா அது. பீபாப் என்னும் புதிய பாணி கொடிகட்டத் தொடங்கிய அக்காலத்தில், ஸ்விங் இசையிலேயே வளர்ந்த ஒருவருக்கு அம்மேடை எளிதானதாக இருந்திருக்காது.

1956 ஜூலை 11ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகனில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 43. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்டர்வால்டின் குழு, கிரிமினல் டாங்கோ என்ற கேளிக்கைப் பாடலால் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளெங்கும் பெரும் புகழ் பெற்றது.