மேரி கியூரியும் தோல் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையும்

மேரி கியூரி 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி மறுக்கப்பட்டிருந்ததால், பாரிஸ் சென்று இயற்பியலும் கணிதமும் பயின்றார். 1898இல் கணவர் பியருடன் இணைந்து ரேடியத்தைக் கண்டறிந்தார். 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார்.

ரேடியம் தோலைப் புண்ணாக்குவதைப் பியர் தம் கையிலேயே வைத்துச் சோதித்தார். அந்த ஆற்றலை நோயுற்ற திசுவை அழிக்கப் பயன்படுத்தலாம் என்று மருத்துவர்கள் உணர்ந்தனர். தோல் கைக்கு எட்டும் உறுப்பு என்பதால் தொடக்கச் சிகிச்சைகள் பல தோல் நோய்களுக்கே அளிக்கப்பட்டன. ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்குக் கியூரி இணையர் காப்புரிமை கோரவில்லை.

1906இல் பியர் விபத்தில் இறந்த பின்னரும் மேரி ஆய்வைத் தொடர்ந்தார். பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் அவருடன் பணியாற்றிய மருத்துவர் கிளாடியஸ் ரெகோ, கதிர்வீச்சைப் பல நாள்களுக்குப் பிரித்து அளித்தால் நலமான திசு குறைவாகப் பாதிக்கப்படும் என்று காட்டினார். இன்றும் சிகிச்சை பல தவணைகளாக அளிக்கப்படுவது இதனாலேயே.

பாதுகாப்பின்றிப் பல்லாண்டுகள் உழைத்த மேரி, 1934 ஜூலை 4 அன்று எலும்பு மஜ்ஜை செயலிழந்த இரத்தசோகையால் மறைந்தார். கதிர்வீச்சே காரணம் எனக் கருதப்படுகிறது. இன்றைய சிகிச்சையில் அளவு கணக்கிடப்பட்டு, சுற்றியுள்ள பகுதி மறைக்கப்படுகிறது.

தோல் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே முதல் தேர்வு. அது இயலாத முதியோர்க்கும், மூக்கு, இமை போன்ற இடங்களில் தோற்றம் சிதையக்கூடும் என்ற நிலையிலும் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படலாம். அதன் முக்கிய வகைகள்:

• மேற்பரப்பு எக்ஸ் கதிர்: சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள மெல்லிய கட்டிகளுக்கு ஏற்றது.

• எலக்ட்ரான் கற்றை: அகன்ற, சற்று ஆழமான கட்டிகளுக்கு ஏற்றது; சில சென்டிமீட்டருக்கு அப்பால் இதன் வீரியம் விரைந்து குறையும்.

• அண்மைக் கதிர் சிகிச்சை: ரேடியச் சிகிச்சையின் வழிவந்தது. கதிரியக்கப் பொருள் தோலை ஒட்டி வைக்கப்படும். வளைவான இடங்களுக்கு உகந்தது. இன்று ரேடியத்திற்குப் பதிலாகப் பெரும்பாலும் இரிடியம் பயன்படுகிறது.

சிகிச்சையின்போது தோல் சிவத்தல், உரிதல் ஏற்படலாம். பல ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் புதிய புற்றுநோய் தோன்றும் சிறு வாய்ப்பு இருப்பதால், இளையோர்க்குக் கதிர்வீச்சு பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. எந்த வகை, எத்தனை தவணை என்பதை மருத்துவரிடம் கேட்டறியவும்.

மேற்கூறிய சிகிச்சைகளில் ஒவ்வொரு தவணை முடிந்ததும் நோயாளியின் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. குடும்பத்தினர் அவரைத் தொடலாம். குழந்தைகளை அவர் தயக்கமின்றி அணைத்துக்கொள்ளலாம்.