பட்டாணிச் செடிதான் முதல் ஹீரோ

ஃபைனல் இயர் வந்தாச்சு. ப்ராஜெக்ட் ரிவ்யூ, ப்ளேஸ்மென்ட் டென்ஷன் எல்லாத்துக்கும் நடுவுல எல்லா கிளாஸ்லயும் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்: காலேஜ் முடியறதுக்குள்ள ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்துடணும். அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குரூப் ரெடி. டைரக்டர் நாலு பேர், ஹீரோ மூணு பேர், மியூசிக் ரெண்டு பேர். ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள்? யாருமில்லை. ஷூட்டிங் அன்னிக்கு எல்லாருக்கும் சாப்பாடு? யாருமில்லை. நல்ல கேமரா கிடைக்கட்டும்னு ரெண்டு வாரம் காத்திருப்போம். அப்புறம் குரூப்ல மீம் மட்டும்தான் வரும்.

உங்க குரூப் இப்போ அந்த நிலைமையில இருந்தா, உங்களுக்காகத்தான் இந்தக் கதை. கேமரா இல்ல, நடிகர் இல்ல, கத்துக் கொடுக்க ஆள் இல்ல, கையில காசும் இல்ல. இப்படி ஆரம்பிச்ச ஒருத்தர்தான் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம்னு பொதுவா சொல்லப்படற 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்தார். அவர் பேர்ல ஒரு விருது இருக்கு. சிவாஜி கணேசனும் கே. பாலசந்தரும் ரஜினிகாந்தும் வாங்கின தாதா சாகேப் பால்கே விருது. விருது நமக்குத் தெரியும், ஆளைத்தான் சரியாத் தெரியாது.

முழுப் பேர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. 1870 ஏப்ரல் 30 அன்னிக்கு, நாசிக் பக்கத்துல இருக்கற திரியம்பகேஸ்வரத்துல பிறந்தார். அப்பா சமஸ்கிருத பண்டிதர். அவருக்கு பம்பாய் வில்சன் கல்லூரியில வேலை கிடைச்சதும் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பையன் 1885-ல ஜே.ஜே. ஓவியப் பள்ளியில சேர்ந்தார். அதுக்கப்புறம் பரோடாவுல கலா பவன். அங்கே ஓவியம், ஃபோட்டோகிராஃபி, சிற்பம், கட்டடக்கலைன்னு கையில கிடைச்ச எல்லாத்தையும் கத்துக்கிட்டார்.

இதுக்கப்புறம் அவர் பார்த்த வேலைகளோட பட்டியலைப் பார்த்தா, ஒரு இடத்துல நிலையா நிக்காத ஆளுன்னுதான் நினைப்பீங்க. கோத்ராவுல ஃபோட்டோ ஸ்டூடியோ வச்சார். அங்கே பிளேக் நோய் வந்து, முதல் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். கார்ல் ஹெர்ட்ஸ்ங்கற வெளிநாட்டு மேஜிக்காரர்கிட்ட வித்தை கத்துக்கிட்டு, தன் பேரோட எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு 'புரொஃபசர் கெல்ஃபா'ன்னு மேடை ஏறினார். இந்தியத் தொல்லியல் துறையில வரைவாளரா, ஃபோட்டோகிராஃபரா இருந்தார். சுதேசி இயக்கம் சூடு பிடிச்ச நேரத்துல அந்த அரசாங்க வேலையை விட்டுட்டு அச்சகம் ஆரம்பிச்சார். ராஜா ரவிவர்மாவோட படங்களுக்கான அச்சு வேலையும் பண்ணியிருக்கார். கலர் பிரிண்டிங் மெஷின் வாங்க ஜெர்மனி வரைக்கும் போயிட்டு வந்தார். கடைசியில பார்ட்னர்களோட சண்டை. அச்சகத்தையும் விட்டு வெளியே வந்துட்டார்.

வயசு நாற்பது. ரெண்டாவது மனைவி சரஸ்வதிபாய், குழந்தைகள், வருமானம் பூஜ்யம். நம்ம பாஷையில சொன்னா, ரெஸ்யூமே முழுக்க கேப்.

அப்போதான் பம்பாய் கிர்காவ் பகுதியில ஒரு கொட்டகையில இயேசுவின் வாழ்க்கையைப் பத்தின ஒரு வெளிநாட்டு மௌனப் படம் பார்த்தார். திரையில இயேசு நடமாடறதைப் பார்க்கப் பார்க்க, மனசுக்குள்ள கிருஷ்ணரும் ராமரும் ஓட ஆரம்பிச்சாங்க. நம்ம கதைகளையும் இப்படிக் காட்டலாமேன்னு தோணிடுச்சு. அதுலேர்ந்து ஊர்ல ஓடற எல்லாப் படத்தையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். எதைச் செஞ்சா எப்படித் தெரியுதுன்னு வீட்டுல உக்காந்து சோதனை பண்ணினார். தூக்கம் போச்சு. கொஞ்ச நாள்ல கண்பார்வையே மங்கிடுச்சு. வைத்தியம் பார்த்து, கண்ணாடி மாத்தி மாத்திப் போட்டு, மெல்லத் தேறினார். தேறினதும் மறுபடியும் அதே வேலை!

பணம் எங்கேர்ந்து வந்தது? இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வச்சார். 1912 பிப்ரவரியில தனியாக் கப்பல் ஏறி லண்டன் போனார். அங்கே அவருக்கு ஒருத்தரையும் தெரியாது. 'பயாஸ்கோப்'ங்கற சினிமா வாரப் பத்திரிகையோட ஆபீஸுக்கு நேராப் போய் எடிட்டரைப் பார்த்து, நான் இந்தியாவுல படம் எடுக்கணும், வழி சொல்லுங்கன்னு நின்னார். எடிட்டர் முதல்ல வேண்டாம்னுதான் சொன்னார். அப்புறம் அவரே செசில் ஹெப்வொர்த்ங்கற தயாரிப்பாளர்கிட்ட அனுப்பி வச்சார். ஸ்டூடியோ எப்படி இயங்குது, படம் எப்படிப் பிடிக்கறாங்கன்னு அங்கே ஹெப்வொர்த் காட்டினார். மொத்தம் ரெண்டு வாரம்தான். நம்ம செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸ் அளவு கூட இல்ல. ஒரு வில்லியம்சன் கேமரா, ஃபிலிம்ல துளை போடற ஒரு மெஷின், கச்சா ஃபிலிமுக்கு ஆர்டர். இதை முடிச்சுட்டு ஏப்ரல்ல ஊருக்குத் திரும்பிட்டார்.

இங்கேதான் நீங்க கவனிக்கணும். நேரா ஹரிச்சந்திராவுக்கு அவர் தாவலை. பெரிய படத்துக்கு முன்னாடி ஒரு குட்டிப் படம் எடுத்தார். ஒரு தொட்டியில பட்டாணி விதை போட்டு, அதுக்கு முன்னாடி கேமராவை வச்சு, அது முளைச்சுச் செடியாகறதை ஏறக்குறைய ஒரு மாசம் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சார். படம் ஓடற நேரம் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. இன்னிக்கு நம்ம ஃபோன்ல 'டைம் லாப்ஸ்'னு ஒரு பட்டன் இருக்கே, அதேதான். ஆனா அவர் கையால பண்ணினார். கணக்குப் போட்டுப் பாருங்க: நொடிக்கு 16 ஃப்ரேம்னு வச்சா, ஒரு நிமிஷத்துக்கு 960 ஃப்ரேம். ஒரு மாசத்துக்குப் பிரிச்சா, நாளைக்கு முப்பதுக்கும் மேல. கேமரா அசையக்கூடாது, தொட்டி அசையக்கூடாது, ஒரு நாள் விட்டாலும் செடி குதிச்ச மாதிரி தெரியும்.

இந்த ஒரு நிமிஷப் படத்தை, பணம் வச்சிருக்கறவங்களுக்குப் போட்டுக் காட்டினார். பயாஸ்கோப் படம் எடுக்கறது வெள்ளைக்காரன் வேலைன்னு நம்பிக்கிட்டிருந்தவங்க முன்னாடி, ஒரு விதை முளைச்சு வளர்ந்தது. கடன் கொடுக்க ஆள் வந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, அவர் கையில ஸ்கிரிப்டைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பேசியிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. நடிகர் வேண்டாம், செட் வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம், தண்ணி மட்டும் ஊத்தினாப் போதும். அப்படிப்பட்ட ஒரு ஹீரோவை வச்சு கேமரா, ஃபிலிம், லைட், பொறுமை எல்லாத்தையும் ஒரே நேரத்துல டெஸ்ட் பண்ணிட்டார்.

அடுத்தது டீம். வந்த ஃபிலிம்ல ஓரத்துல துளை இருக்காது. மெஷின்ல கொடுத்து, இருட்டுல உக்காந்து துளை போடணும். அதைக் கத்துக்கிட்டது சரஸ்வதிபாய். எடுத்த ஃபிலிமை டெவலப் பண்றதும் அவங்க கத்துக்கிட்டாங்க. வெயில் முகத்துல சரியா விழறதுக்காக வெள்ளைத் துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதும் அவங்கதான். யூனிட்ல இருந்த அறுபது எழுபது பேருக்குச் சமைச்சுப் போட்டதும் அவங்கதான். காலையில சமையல், பகல்ல ரிஃப்ளெக்டர், ராத்திரி லேப். உங்க குரூப்ல யாரும் எடுத்துக்காத அத்தனை வேலையும் ஒரே ஆள் தலையில.

நடிகை தேடின கதை இன்னும் மோசம். பொம்பளைங்க கேமரா முன்னாடி நிக்கறதே கேவலம்னு நினைச்ச காலம். விளம்பரம் கொடுத்துப் பார்த்தார், தெருத் தெருவா அலைஞ்சும் பார்த்தார். ஒருத்தரும் வரலை. கடைசியில கிராண்ட் ரோடு பக்கம் ஒரு ஹோட்டல்ல சமையல்காரரா இருந்த அண்ணா சாளுங்கேங்கற பையனோட கையையும் முகத்தையும் பார்த்து, இவர்தான் தாராமதின்னு முடிவு பண்ணினார். ஹோட்டல்ல மாசம் பத்து ரூபா, பால்கே பதினஞ்சு ரூபா தர்றேன்னார். ஹரிச்சந்திரனா தத்தாத்ரேய டப்கே. மகன் வேஷத்துக்கு பால்கேயோட சொந்தப் பையன் பாலச்சந்திரா. சினிமாவுல வேலைன்னு சொன்னா ஊர்ல மரியாதை இருக்காதுன்னு, யூனிட் ஆட்களை ஹரிச்சந்திரா ஃபேக்டரியில வேலைன்னு சொல்லச் சொன்னார். 2009-ல பரேஷ் மொகாஷி எடுத்த மராத்திப் படத்துக்கு அதுவே தலைப்பாச்சு.

தாதர்ல இருந்த வீட்டு வளாகத்துலயே செட் போட்டார். கதை, டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங்னு பெரும்பாலும் அவரே. ஆறு மாசத்துக்கு மேல உழைச்சு 3,700 அடி நீளத்துக்குப் படம் தயாராச்சு. 1913 மே 3, பம்பாய் கொரனேஷன் தியேட்டர்ல ரிலீஸ். கூட்டம் வந்தது.

அடுத்த படமான 'மோகினி பஸ்மாசுர்'ல துர்காபாய் காமத்தும் அவங்க மகள் கமலாபாயும் நடிக்க வந்தாங்க. ஒரு வருஷம் முன்னாடி கிடைக்காத நடிகைகள், ஒரு படம் ஓடினதும் கிடைச்சாங்க. 1917-ல 'லங்கா தகன்'. அதுல ராமரும் சீதையும் ஒரே ஆள், நம்ம பழைய தாராமதி சாளுங்கே! மெட்ராஸ்ல அந்தப் படத்துக்கு வசூலான சில்லறையை மாட்டு வண்டியில ஏத்தி, போலீஸ் காவலோட கொண்டு போனாங்கன்னு ஒரு கதை இன்னும் சொல்றாங்க. பால்கே படங்களைப் பார்த்துத்தான் மெட்ராஸ்ல கார் வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்த நடராஜ முதலியாருக்கும் ஆசை வந்தது. அவர் எடுத்த 'கீசக வதம்'தான் தென்னிந்தியாவோட முதல் கதைப்படம். அந்தப் பட்டாணிக் கொடி நம்ம ஊர் வரைக்கும் படர்ந்திருக்கு.

இதோட நிறுத்தினா இது மோட்டிவேஷன் ஸ்பீச் ஆயிடும். மீதியையும் சொல்லணும்.

1918-ல பெரிய முதலீட்டாளர்களோட சேர்ந்து ஹிந்துஸ்தான் சினிமா ஃபிலிம்ஸ் கம்பெனி ஆரம்பிச்சார். மகள் மந்தாகினி குட்டிக் கிருஷ்ணரா நடிச்ச 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா', 'காளிய மர்தன்' எல்லாம் நல்லா ஓடின படங்கள். ஆனா செலவுக் கணக்கு, நிர்வாகம்னு பார்ட்னர்களோட முட்டிக்கிச்சு. ராஜினாமா பண்ணிட்டு, குடும்பத்தோட காசிக்குப் போய் நாடகம் எழுதினார். திரும்பி வந்து அதே கம்பெனியில படம் எடுத்தார், ஆனா பழைய பிடிப்பு வரலை. 1931-ல 'ஆலம் ஆரா' வந்து படம் பேச ஆரம்பிச்சுடுச்சு. பால்கே அப்போ 'சேது பந்தன்'ங்கற மௌனப் படத்தை எடுத்துக்கிட்டிருந்தார். அதுக்குப் பின்னாடி குரல் சேர்க்க வேண்டியதாப் போச்சு. 1937-ல 'கங்காவதரண்', அவர் எடுத்த ஒரே பேசும் படம், கடைசிப் படமும் அதுதான். தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த மனுஷர், 1944 பிப்ரவரி 16 அன்னிக்கு நாசிக்ல, சினிமா உலகம் கிட்டத்தட்ட மறந்துபோன ஆளா இறந்தார். அவர் பேர்ல விருது வந்தது 1969-ல.

அச்சகத்துல உடைஞ்சதும் பார்ட்னர்ஷிப்தான், சினிமாவுல உடைஞ்சதும் பார்ட்னர்ஷிப்தான். அவருக்குத் திறமை குறைவுன்னு யாராவது சொல்ல முடியுமா? படம் எடுக்கறதுல இருக்கற எல்லா டெக்னிகல் பிரச்சினையையும் தீர்த்தவர், யார் எதை முடிவு பண்றதுங்கற ஒரு பிரச்சினையை மட்டும் கடைசி வரைக்கும் தீர்க்கலை. வீட்டு ஆட்களோட எடுத்தப்போ அந்தக் கேள்வியே எழலை, ஏன்னா சரஸ்வதிபாய் கணக்குப் பார்க்காம எல்லாத்தையும் சுமந்தாங்க. நம்ம கிளாஸ்ல அப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க. கிடைச்சாலும், ஒரே ஆள் மேல அவ்வளவையும் போடறது நியாயமும் இல்ல.

அதனால உங்க படத்துக்கு இப்படிப் பண்ணிப் பாருங்க. முதல் கூட்டத்துல டைரக்டர் யாருன்னு கேக்காதீங்க. சாப்பாடு, பர்மிஷன், ரிஃப்ளெக்டர், சார்ஜர், ஃபுட்டேஜ் பேக்கப் யார் யார்னு முதல்ல பேர் எழுதுங்க. யார் செலவு எவ்வளவு, எடிட்ல கடைசி முடிவு யாரோடதுன்னு அன்னிக்கே பேசிடுங்க. நட்பு கெடும்னு தள்ளிப் போட்டா, பின்னாடி படமும் நின்னு நட்பும் கெடும். அப்புறம், பத்து நிமிஷப் படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷத்துக்கு எதையாவது எடுங்க. கேன்டீன்ல டீ ஆத்தற அண்ணனோட கை, மழையில நனையற ஹாஸ்டல் கொடிக்கயிறு, எதுவா இருந்தாலும் சரி. ஃபோன் கேமரா போதும். அந்த ஒரு நிமிஷத்தை ஒழுங்கா எடுத்து, வெட்டி, சத்தம் சேர்த்து முடிக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா உங்க டீம் தேறிடும். முடியலைன்னா, எங்கே இடிக்குதுன்னு பெரிய செலவில்லாம தெரிஞ்சுடும்.

கடைசியா டைட்டில் கார்டு. அதை எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முன்னாடி, குரூப்ல ஒரு தடவை போட்டு, யார் பேர் விட்டுப்போச்சுன்னு கேளுங்க. துணியைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னவங்க பேரும் அதுல இருக்கணும்.