எடைக்குப் போன 25 வருஷம்

2023 டிசம்பர் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவினப்போ, இறக்கையெல்லாம் கறுப்பாகி நின்ன கூழைக்கடா போட்டோ ஞாபகம் இருக்கா? இந்த நாட்டுல எந்தப் பறவை எங்கே வருது, எங்கே முட்டை வைக்குதுன்னு முதல்ல கணக்கெடுத்தவங்க யாருன்னு அன்னிக்குத் தேடினேன். முன்வரிசையில வந்த பேரு ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். ஆமா, ஸ்கூல்ல காங்கிரஸ் பாடத்துல படிச்சு மார்க் வாங்கினோமே, அவரேதான்!

1829ல் பிறந்தவர். 1857 கிளர்ச்சி சமயம் எட்டாவா மாவட்ட அதிகாரி. அப்புறம் சுங்க ஆணையர். உப்பு வரிக்காக ஊர் ஊரா அலைஞ்சப்பவே பறவைகளையும் சேர்த்தார். 1872ல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்'னு பறவைகளுக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். நாடு முழுக்க இருந்து ஆர்வலர்கள் அதுக்கு எழுதினாங்க.

அடுத்த வருஷம் அந்தமான் பயணம். நார்கொண்டம் எரிமலைத் தீவுல மட்டுமே வாழுற இருவாச்சியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினது இவர்தான். 1875ல் லட்சத்தீவு. கப்பல் போனது கலங்கரை விளக்கத்துக்கு இடம் பார்க்க. இவர் பார்த்தது பறவைகளை. (இண்டஸ்ட்ரியல் விசிட்னு கிளம்பி ஊட்டி சுத்தின நமக்கு இது புரியும்.)

ஒண்ணை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துல பறவையைப் படிக்கிறதுன்னா சுட்டு, தோலைப் பதப்படுத்தி வைக்கிறதுதான். இவரும் அதைத்தான் செஞ்சார், ஆயிரக்கணக்குல.

மேலிடத்தை வெளிப்படையா விமர்சிச்சதால 1879ல் பதவி இறக்கம். சரி, புத்தகம் எழுதலாம்னு சிம்லா வீட்டுல 25 வருஷக் குறிப்புகளை வச்சிருந்தார். ஒரு குளிர்காலம் அவர் ஊர்ல இல்லாத நேரம், வேலையை விட்டு நீக்கப்பட்ட ஆள் ஒருத்தர் அந்தக் கட்டுகளைச் சந்தையில பழைய பேப்பரா எடைக்குப் போட்டுட்டார். ரெக்கார்டு நோட்டு ஒண்ணு தொலைஞ்சாலே நமக்கு அழுகை வரும்.

மனசு விட்டுப்போச்சு. 1885ல் தோலும் முட்டையுமா சுமார் 82,000 மாதிரிகளை லண்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துட்டார். தியோசபியில சேர்ந்ததுல இருந்து அசைவத்தை விட்டிருந்தார். பறவை சுடுறதையும் நிறுத்தியாச்சு. அதே வருஷ டிசம்பர்ல பம்பாயில் காங்கிரஸ் பிறந்தது. மிச்சக் கதை பாடப்புத்தகத்துல இருக்கு. 1912ல் லண்டன்ல இறந்தார்.

அவர் போன லட்சத்தீவுக் கூட்டத்துல பிட்டின்னு ஆளில்லாத ஒரு குட்டித் தீவு. ஆலாக்கள் அங்கே கூட்டமா முட்டை வைக்குங்கிறது பதிவாகியிருக்கு. அதனால அது இன்னிக்குப் பாதுகாக்கப்பட்ட இடம். எங்க நேச்சர் கிளப் நோட்டுல எண்ணூர் பக்கம் இன்னும் காலி. ஞாயிறு காலை 6 மணிக்கு முகத்துவாரத்துல நிப்போம். பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வாங்க.