கல்வெட்டுச் செல்வர் லூயிஸ் ரைஸ்

பழைய பேரரசுகளின் சுவடு தேடித் தரைவழியே நாடு கடந்து சென்றவர்கள் என்றால் ஹைராம் பிங்ஹாம் என்ற அமெரிக்க அறிஞர் நம் நினைவுக்கு வருவார். 1908–09ஆம் ஆண்டுகளில் போனஸ் அயர்ஸ் நகரிலிருந்து பொலிவியா வழியாகப் பெரு நாட்டின் லீமா வரை சென்றவர். பின்னர் 1911இல் மச்சு பிச்சு என்னும் இன்கா நகரை உலகறியச் செய்தவர். ஆனால் அவர் கண்ட மதில்களில் படிப்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. இன்கா மக்கள் கயிற்றில் முடிச்சிட்டுக் கணக்கு வைத்தனரேயன்றிக் கல்லில் எழுதி வைத்தாரல்லர். நம் நாட்டின் நிலைமையோ வேறு. இங்கு எழுத்துடைய கற்கள் ஊர்தோறும் இருந்தன, படிப்பவர்தாம் இல்லை. அவற்றைத் தேடிப் படித்தவர்களுள் தலையாய ஒருவர் நாம் பயிலும் இதே பெங்களூரில் பிறந்தவர் என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1837ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார், கன்னடத்தில் வல்லவர். அவென்யூ சாலையிலுள்ள ரைஸ் நினைவுத் தேவாலயம் தந்தையின் பெயரால் விளங்குவது. மகனுடையதென்று மயங்குவோர் உண்டு. மகன் இங்கிலாந்தில் கல்வி கற்றுத் திரும்பி, 1860இல் பெங்களூர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அப்பள்ளியே பின்னாளில் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்தது. பிறகு மைசூர், குடகுப் பகுதிகளின் பள்ளி ஆய்வாளராகவும், கல்வித்துறை இயக்குநராகவும் உயர்ந்தார்.

பள்ளிகளைப் பார்வையிட ஊர் ஊராகச் சென்றபோதுதான் கற்கள் அவர் கண்ணில் பட்டன. கோயில் வாயிலில், ஏரிக்கரையில், வயல் நடுவே நடுகல்லாக, எங்கும் எழுத்துகள். உடனிருந்தோரைக் கேட்டால் பொருள் சொல்வாரில்லை. மேஜர் டிக்சன் என்பவர் எடுத்த ஏறத்தாழ 150 கல்வெட்டுகளின் நிழற்படங்கள் 1865இல் வெளியாகியிருந்தன. அவற்றோடு வேறு சிலவும் சேர்த்து மொழிபெயர்த்து 1879இல் மைசூர்க் கல்வெட்டுகள் என்ற நூலை வெளியிட்டார் ரைஸ். இடையே மைசூர் நாட்டுக்கு விரிவான கெசட்டீரும் எழுதி முடித்திருந்தார்! ஓர் அலுவலர் ஓய்வு நேரத்தில் இவ்வளவு செய்தார் என்பதை நம்புவது கடினம்.

தொல்லியற்பணி முதலில் அவருக்கு உபரி வேலையாகத்தான் வந்தது; 1890 முதல் அதுவே முழுநேர வேலையாயிற்று. எபிகிராபியா கர்நாடிகா என்ற வரிசையில் 12 தொகுதிகள், 8,869 கல்வெட்டுகள்! தொகுதிகளின் முகப்பில் அவர் பெயர் நிற்கிறது. ஆயினும் வெயிலில் நின்று படியெடுத்தவர்களும், உடனிருந்து படித்துதவிய பண்டிதர்களும் இல்லாமல் இது நடந்திராது. அவர்களையும் நாம் மறத்தலாகாது.

1892இல் சித்திரதுர்க்கப் பகுதியில் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய மூன்றிடங்களில் அசோகரின் சாசனங்களைக் கண்டார். மௌரியர் ஆணை இவ்வளவு தெற்கே எட்டியது என்பதற்கு அதுவரை கல்லில் சான்று கிடைத்ததில்லை. அச்சாசனத்தை எழுதிய சபடன் என்பவன், தன் தொழிலைக் குறிக்கும் சொல்லை மட்டும் கரோஷ்டி எழுத்தில், வலமிருந்து இடமாகப் பொறித்துள்ளான். அது இந்தியாவின் வடமேற்கு எல்லையில் வழங்கிய எழுத்து. அவன் எவ்வளவு தொலைவு நடந்து இங்கு வந்தானோ!

ரைஸ் சொன்னதெல்லாம் நின்றுவிடவில்லை. சந்திரகுப்த மௌரியர் சிரவணபெளகொளாவுக்கு வந்து துறவியாக மறைந்தார் என்ற சமண மரபை அவர் வரலாறாகவே ஏற்றார். பிளீட் என்ற அறிஞர் கடுமையாக மறுத்தார். கங்கர் செப்பேடுகள் பலவற்றைப் போலியென்றும் பிளீட் ஒதுக்கினார். இவற்றில் ரைஸ் சற்று எளிதில் நம்பிவிட்டார் என்றே தோன்றுகிறது. எனினும் வழக்காடுவதற்கு மூலத்தை அச்சிட்டுக் கையில் தந்தவரும் அவரே.

தமிழ் மாணவராகிய நமக்கு அவருடைய பெங்களூர், கோலார்த் தொகுதிகள் தனிச் சிறப்புடையவை. கோலாரைக் குவளாலம் என்றும், அந்நிலப்பகுதியை நிகரிலிச் சோழ மண்டலம் என்றும் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் அவற்றில் உள்ளன. நாம் பேருந்தில் கடந்துபோகும் டொம்ளூர், சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகளில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் தமிழில் நிற்கிறது. கன்னடமும் தமிழும் இம்மண்ணில் அருகருகே எழுதப்பட்டன. அவ்வாறே இரண்டையும் அவர் தொகுத்தார்.

1906இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். அங்கும் இக்கல்வெட்டுகளைக் கொண்டே மைசூர், குடகு வரலாற்றை எழுதி 1909இல் வெளியிட்டார். 1927ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைய ஏழு நாளே இருக்கையில், ஹாரோ நகரில் காலமானார்.

அவர் பதிவுசெய்த பெங்களூர்க் கற்களுள் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. சாலையும் கட்டடமும் பெருகப் பெருக அவை மறைந்தன. அவற்றுக்கு எஞ்சியிருப்பது ஒன்பதாம் தொகுதியின் பக்கங்களே. டொம்ளூர் எழுத்துகள் மட்டும் கோயிலிலேயே உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரலாம்.