தமிழவேள் கோ. சாரங்கபாணி

திருவாரூரில் 1903ஆம் ஆண்டு பிறந்த தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் 1924இல் சிங்கப்பூர் வந்தார். 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற மக்களிடம் நிதி திரட்டினார். 1950களில் தம் இதழில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை அமைத்து, சிறுவர்தம் எழுத்துகளை அச்சேற்றினார். அதில் எழுதிப் பழகியோர் ஊர்தோறும் மணிமன்றங்கள் கண்டனர். கூட்டம் நடத்தவும் மேடையில் பேசவும் கற்றனர். அப்பெருமகனார் 1974இல் மறைந்தார்.

கெர்லிங் வட்டாரப் பெற்றோரே! மன்றக் கூட்டத்திற்காகப் பிள்ளை பள்ளியில் சற்றுத் தங்கினால் தடுக்காதீர்கள். இன்று சபையில் எழுந்து பேச அஞ்சும் பிள்ளை, நாளை தன் உரிமையைக் கேட்கவும் அஞ்சும். மாணவச் செல்வங்களே! மன்றத்தில் சேருங்கள்; பொறுப்பேற்றுப் பழகுங்கள். அதுவே தமிழவேளுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.